பழைய எண் 14, புதிய எண் 31: ஒரு படிப்பகச் சேகரிப்புக்கு நிலையான அடையாளம் தருவது எப்படி?

பெரம்பூர்ப் பக்கம் படிப்பகம் நடத்தும் தோழர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆலைத் தொழிலாளர்களின் துண்டறிக்கைகள், குடும்பங்களிடமிருந்து வாங்கிய பழைய புகைப்படங்கள், கானா கேசட்டுகள், திருவிழா நோட்டீஸ்கள் என்று சுமார் 700 பொருள்களை அவர்கள் மின்னாக்கம் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது வலைத்தளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றப்போகிறார்கள். "ஒவ்வொன்றுக்கும் டிஓஐ மாதிரி நிலையான அடையாள எண் வாங்கிவிடுங்கள், அப்புறம் லிங்க் உடையவே உடையாது என்கிறார்கள். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது தேவையா? எவ்வளவு ஆகும்? எங்கே வாங்குவது?" இதுதான் கேள்வி.

தேவைதான் தோழர். சிக்கல் 'வாங்குவது' என்ற சொல்லில் இருக்கிறது. கடையில் பூட்டு வாங்கி மாட்டுவது போல எண்ணை வாங்கி மாட்டிவிட்டால் லிங்க் தானாக நிலைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த எண்ணும் கிடையாது.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு எண்கள் இருக்கின்றன. பழைய எண் 14, புதிய எண் 31. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேஸ் புத்தகத்தில் பழைய எண், ரேஷன் அட்டையில் புதிய எண், வீட்டுப் பத்திரத்தில் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் ஒரு டவுன் சர்வே எண். ஆனாலும் கடிதம் வந்துவிடும், தபால்காரருக்கு எல்லாம் தெரியும் என்பதால். அவர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்த முதல் மாதம், எதிர் வரிசைப் பழைய எண் 31-க்குப் போகவேண்டிய மின்சார வாரியக் கடிதம் எங்கள் வீட்டில் கிடந்தது.

வலைப்பக்க முகவரி என்பது வீட்டு எண். பொருள் இன்றைக்கு எந்த சர்வரில், எந்த மென்பொருளில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். அது என்ன பொருள் என்று சொல்லாது. இடம் மாறினால் முகவரி செத்துவிடும். நிலையான அடையாளம் என்பது பொருளுக்கே வைக்கும் பெயர். அந்தப் பெயரைக் கேட்டு, "இப்போது இன்ன இடத்தில் இருக்கிறது, போங்கள்" என்று திருப்பிவிடும் சர்வரை ரிசால்வர் என்பார்கள். நம்முடைய தபால்காரர்தான். மென்பொருள் மாறும் ஒவ்வொரு முறையும் புது முகவரியை அவரிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் எந்த எண்ணும் மூன்று வருடம் தாங்காது.

நான் பட்டதைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் காசிமேட்டுக் கட்டுமரங்களின் படம் ஒன்று இருந்தது. 'காசிமேடு, 1950, ஃபைனல், 2' என்று கோப்புப் பெயர் வைத்திருந்தோம். அதுவே வலைமுகவரியிலும் ஏறிவிட்டது. பிற்பாடு ஒரு மீனவப் பெரியவர் படத்தைப் பார்த்தார். "இது அம்பது இல்லப்பா, இந்த இன்ஜின் போட்ட போட்டு அப்ப ஏது?" என்று கரையோரம் தெரிந்த ஒரு விசைப்படகைக் காட்டினார். சரி, ஆண்டு தப்பு. நல்ல பிள்ளைகளாகக் கோப்புப் பெயரைத் திருத்தினோம். இரண்டு மாதம் கழித்து ஆய்வு மாணவி ஒருத்தி போன் செய்தார். "சார், நீங்க குடுத்த லிங்க்க தீசிஸ்ல போட்டுட்டேன். இப்ப அடிச்சா பக்கம் இல்லைன்னு வருது." ஒரு தகவலைச் சரிசெய்யப் போய் ஒரு மேற்கோளை உடைத்திருந்தோம்.

இதிலிருந்து நான் கற்றது, அடையாளத்துக்குள் தகவலைத் திணிக்கக் கூடாது என்பது. ஆண்டு, ஊர், ஆள், பொருள் வகை எதுவும் வேண்டாம். தகவல் திருத்தப்படும், பெயர்கள் மாறும். 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா இன்றைக்கு அறிஞர் அண்ணா பூங்கா. பிராட்வே பிரகாசம் சாலை ஆனது. 1996-ல் மெட்ராஸே சென்னை ஆனது. இவற்றில் எந்தப் பெயரை எண்ணுக்குள் வைப்பீர்கள்?

உங்கள் பையில் இருக்கும் இரண்டு அட்டைகளையே பாருங்கள். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து உங்கள் பெயரிலிருந்து எடுத்தது. பெயரை மாற்றிக்கொண்டாலும் பழைய பெயரின் எழுத்து அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆதார் எண்ணில் ஊரும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை, வெறும் எண். ஆதாரைப் பற்றி எனக்கு வேறு மனக்குறைகள் உண்டு, அதை விடுங்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதை வடிவமைத்தவர்கள் புத்திசாலிகள்.

தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. வலைமுகவரியில் தமிழ் எழுத்தைப் போட்டு, அதை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால், ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்துகளாக விரியும். 'சென்னை' என்ற சின்னச் சொல் 54 எழுத்து நீளும். அதோடு 'ொ' என்ற குறியைக் கணினியில் ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், 'ெ', 'ா' என இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் இந்தக் குறி நன்றாகவே வருகிறது. சரி, ஆங்கிலத்தில் எழுதுவோம் என்றால் திருவொற்றியூருக்கு 'டி' ஒன்றா இரண்டா, 'எச்' உண்டா இல்லையா என்று சண்டை வரும்.

இதெல்லாம் இணையத்தோடு வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். கல்வெட்டுத் துறையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இதைச் செய்துவருகிறார்கள். ஒரு கல்வெட்டைப் படியெடுத்தால், அந்த ஆண்டின் அறிக்கையில் அதற்கு ஒரு வரிசை எண் கொடுத்துவிடுவார்கள். வரிசை எண்ணும் ஆண்டும், அவ்வளவுதான். அரசன் பெயர் கிடையாது. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் கல்வெட்டுகளும் இப்படி எண் பெற்றவைதான். கல்வெட்டில் வரும் அரசன் யார் என்று அறிஞர்கள் பிற்பாடு மாற்றிச் சொல்லலாம், கல்லே பெயர்ந்து வேறு சுவருக்குப் போகலாம். எண் மட்டும் அப்படியே இருக்கும். அந்த எண்ணில் ஆண்டு வருகிறதே என்று கேட்பீர்கள். அது கல்வெட்டின் ஆண்டு அல்ல, படியெடுத்துப் பதிவுசெய்த ஆண்டு. அது என்றைக்கும் தப்பாகாது. எங்கள் கட்டுமரப் படத்தின் 1950-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தமிழ் இணையத்திலேயே இதைச் சத்தமில்லாமல் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஒவ்வொரு மின்னூலுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தது. முதல் எண் திருக்குறளுக்கு. ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டத்திலும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் 'நூலக எண்' உண்டு. அந்த எண்ணை மேற்கோள் காட்டினால் போதும், பொருளைக் கண்டுபிடித்துவிடலாம். உலகத் தரம், பன்னாட்டு ரிசால்வர் எதுவும் இல்லாமலே பாதிக் கிணறு தாண்டிய வேலை இது.

மீதிப் பாதிக்கு வருவோம். எந்த ஏற்பாடு?

டிஓஐ-தான் பெயர் பெற்றது. 1990-களின் கடைசியில் ஆய்விதழ்ப் பதிப்பாளர்களுக்காக வந்தது, 2012-ல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது. கிராஸ்ரெஃப், டேட்டாசைட் போன்ற பதிவு அமைப்புகளில் உறுப்பினராகி, ஆண்டுக் கட்டணம் கட்டி, அவர்கள் கேட்கும் வடிவில் விவரம் கொடுத்துப் பெறவேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கு மிகப் பொருத்தம். 700 துண்டறிக்கைக்கும் படத்துக்கும் அது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மீன் வாங்கப் போவது போல.

டிஓஐ-க்கு அடியில் ஓடும் எந்திரத்தின் பெயர் ஹேண்டில். இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வகுத்தவர்களில் ஒருவரான ராபர்ட் கானின் நிறுவனத்தில் உருவானது. நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கும் சோத்கங்காவில் முகவரியில் 10603 என்று வருகிறதே, அது அவர்களுடைய ஹேண்டில் முன்னெண், அதாவது எந்த நிறுவனம் என்று காட்டும் முதல் பகுதி. இங்கே ஓர் எச்சரிக்கை. நீங்கள் மாறப்போகும் மென்பொருள் டிஸ்பேஸ் என்றால் கவனியுங்கள். அதை நிறுவியதும் முன்னெண் 123456789 என்று இருக்கும். அது சும்மா இடம் பிடித்துவைக்கும் துண்டு மாதிரி. கட்டணம் கட்டிச் சொந்த முன்னெண் வாங்கி அதை மாற்றவேண்டும். எத்தனையோ கல்லூரிகளின் களஞ்சியங்களில் மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பார்க்க நிலையான எண் போலவே இருக்கும், ஆனால் உலக ரிசால்வரில் போட்டால் எங்கேயும் போகாது. பஸ்ஸில் துண்டைப் போட்டுவிட்டு இறங்கிப் போனவர் கதைதான்.

உங்களுக்கு நான் சொல்வது ஆர்க். கலிஃபோர்னியா மின்னூலகத்தில் ஜான் குன்ஸே என்பவர் முன்னின்று 2001-ல் உருவாக்கியது, ஆரம்பத்திலிருந்தே நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் ஆகியவற்றை மனதில் வைத்தது. கட்டணம் கிடையாது. அமைப்பின் பெயரில் ஒரு படிவம் நிரப்பினால் உங்களுக்கென்று ஐந்து இலக்க எண் தருவார்கள். அதற்குப் பின்னால் என்ன போடுவது என்பது உங்கள் பாடு. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் எண் 12148. லூவர் அருங்காட்சியகம் தன் சேகரிப்புப் பக்கங்களுக்கு ஆர்க்தான் வைத்திருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏதாவது ஒரு பழைய நூலைத் திறந்து கீழே விவரப் பட்டியலைப் பாருங்கள், 13960 என்று தொடங்கும் ஆர்க் தெரியும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் பயன்படுத்துகின்றன. ஒரு படிப்பகம் அந்த வரிசையில் போய் நிற்பதில் கூச்சம் வேண்டாம்.

பர்ல், யூஆர்என் என்று இன்னும் சில உண்டு. இப்போதைக்கு அவை வேண்டாம்.

ஆர்க்கில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. எண்ணை உருவாக்கும் கருவிகள் ஆங்கில உயிரெழுத்துகளை விட்டுவிட்டுத்தான் சரத்தைக் கோக்கும். தற்செயலாகக் கெட்ட வார்த்தை அமைந்துவிடக் கூடாதே! 1 என்ற இலக்கம் போலத் தெரியும் 'எல்' எழுத்தும் கிடையாது. கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து வரும். ஒரு எழுத்தை மாற்றி அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறினாலோ அது காட்டிக்கொடுத்துவிடும். ஆதாரின் கடைசி இலக்கமும், புத்தகங்களின் பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணின் கடைசி இலக்கமும் இதே வேலைக்குத்தான். போனில் "எட்டு, ஏழு... இல்ல இல்ல, ஏழு எட்டு" என்று எண் சொல்லிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, எதற்கு எண் கொடுப்பது? உண்மையில் மண்டையை உடைக்கும் கேள்வி இது, நீங்கள் கேட்காமல் விட்டது. ஒரு துண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது உங்கள் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களால்தான், அதனால் உங்களிடம் சங்க நோட்டீஸ் நிறையவே இருக்கும். முன்பக்கம் அச்சு, பின்பக்கம் யாரோ பென்சிலில் போட்ட சந்தாக் கணக்கு. போன வருடம் செல்போனில் எடுத்த படம் ஒன்று, இந்த வருடம் ஸ்கேனரில் எடுத்த நல்ல நகல் ஒன்று. இதற்கு ஒரு எண்ணா, நாலா?

ஒன்றுதான். எண் அந்தக் காகிதத்துக்கு. மற்றவை அதன் கிளைகள். நிலப் பதிவில் சர்வே எண் 45, பிரிந்தால் 45/2, அதுவும் பிரிந்தால் 45/2பி என்று போடுகிறோம் இல்லையா, ஆர்க்கும் அதே போலத்தான். பகுதியைக் காட்டச் சாய்கோடு, வடிவ வேறுபாட்டைக் காட்டப் புள்ளி. விளக்கங்களில் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய 12345 என்ற அமைப்பு எண்ணை வைத்துச் சொன்னால், 12345/0417 துண்டறிக்கை, 12345/0417/2 அதன் பின்பக்கம். நாளை இன்னும் நல்ல ஸ்கேன் வந்தால் அதே எண் அதைக் காட்டும், பழைய மேற்கோள் எதுவும் உடையாது. அதே அறிக்கையின் இன்னொரு பிரதி வேறு வீட்டிலிருந்து வந்தால், என் கணக்கில் அதற்குத் தனி எண். பென்சில் கணக்கு அதில் இருக்காதே. இதில் வேறு கருத்துள்ளவர்களும் உண்டு, எப்படியானாலும் முதல் நாளே ஒரு முடிவை எழுதிவைத்துவிடுங்கள்.

கேசட் இன்னும் சிக்கல். ஒரே கானாப் பாட்டை மூன்று பேர் மூன்று சாவு வீட்டில் மூன்று விதமாகப் பாடியிருப்பார்கள், வரிகளும் வேறுபடும். பாட்டுக்கு எண் கொடுக்கப் போனால் எது மூலம் என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பதிவுக்குக் கொடுங்கள். கேசட் ஒரு எண், ஏ பக்கம் பி பக்கம் அதன் கிளை, ஒவ்வொரு பாட்டும் அதற்குக் கீழ். ஒரே பாட்டு என்பதை விவரக் குறிப்பில் இணைத்துக்கொள்ளலாம்.

கேசட் என்றதும் இன்னொன்று. துக்க வீட்டில் பதிவானதை அந்தக் குடும்பம் பிற்பாடு எடுத்துவிடச் சொல்லலாம். அது அவர்கள் உரிமை, எடுத்துவிடுங்கள். எண்ணை மட்டும் அழிக்காதீர்கள், வேறு பொருளுக்கும் கொடுக்காதீர்கள். அந்த எண்ணில் வருகிறவருக்கு, "இங்கே ஓர் ஒலிப்பதிவு இருந்தது, குடும்பத்தாரின் வேண்டுகோளால் இன்ன தேதியில் நீக்கப்பட்டது" என்று ஒரு பக்கம் காட்டினால் போதும். ஆங்கிலத்தில் இதைக் கல்லறைப் பக்கம் என்பார்கள். நான் நடுகல் என்று சொல்வது வழக்கம். எண் இருக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் திறந்துவைக்க வேண்டும் என்று இல்லை, அதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஊர், ஆள் பெயர்களுக்கு நீங்கள் எண் உருவாக்க வேண்டாம். விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கிதரவில் ஏற்கெனவே இருக்கிறது. சென்னைக்கு அங்கே கியூ1352. மெட்ராஸ், மதராஸ், சென்னப்பட்டினம், எந்தப் பெயரில் தேடி வந்தாலும் அந்த ஒரே எண்தான். உங்கள் விவரப் பட்டியலில் 'இடம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் திறந்து அந்த எண்ணை எழுதிவிடுங்கள்.

இனி செலவு. ஆர்க்குக்கு ஒரு ரூபாயும் இல்லை. ஆனால் அது திருப்பிவிடுவது உங்கள் டொமைனுக்குத்தான், அதாவது உங்கள் வலைத்தளத்தின் பெயருக்கு, அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு கண்காட்சி வைத்தோம், 24 பலகை. ஒவ்வொன்றிலும் கியூஆர் குறி அச்சடித்து, பள்ளிக்கூடங்களுக்கும் சுற்றுக்கு அனுப்பினோம். டொமைனுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்த தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவருடைய பழைய கிரெடிட் கார்டு காலாவதியானது, நினைவூட்டல் எல்லாம் அவர் திறக்காத மின்னஞ்சலுக்குப் போனது. ஒருநாள் ஒரு தலைமையாசிரியை கூப்பிட்டார். "ஐயா, பசங்க போனில் அந்தக் கட்டத்தைக் காட்டினால் ரம்மி விளையாடக் கூப்பிடுகிறதே!" யாரோ அந்த டொமைனை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். பலகைகளை எல்லாம் திரும்ப வாங்கி, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டினோம். அச்சில் ஏறும் கியூஆர் எதுவானாலும் ஆர்க்கின் பொது ரிசால்வர் முகவரியோடு போடுங்கள். உங்கள் டொமைன் கைவிட்டுப் போனாலும், வேறு இடத்துக்குத் திருப்பிவிடச் சொல்லி அவர்களுக்கு எழுத ஒரு வழி மிச்சமிருக்கும்.

எண் இருந்தாலும் சர்வரே விழுந்துவிட்டால்? விழும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதலில் அவர்களுடைய மின்சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. மறு வருடம் அதே அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கும் அடி விழுந்தது. இத்தனைக்கும் அவர்களிடம் ஆளும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. பொருளின் இரண்டாவது பிரதி வேறு ஊரில், வேறு கையில் இருந்தால்தான் எண்ணை அங்கே திருப்பமுடியும்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முதலில் பேரேடு. எக்செல் போதும். எண், பொருள், யார் கொடுத்தது, இப்போதைய முகவரி, பிரதி எங்கே, யார் எப்போது திருத்தியது, இந்த ஆறு கட்டம். வருடத்துக்கு ஒருமுறை, கொடுத்தவர்களின் பெயரை நீக்கிவிட்டு, அந்தப் பேரேட்டை ஜெனோடோவில் ஏற்றிவிடுங்கள். ஆய்வுத் தரவுகளை ஏற்றிவைக்கும் இணையக் களஞ்சியம் அது, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துவது, இலவசம். ஏற்றியதும் அதுவே டிஓஐ தந்துவிடும், ஒவ்வொரு வருடப் பதிப்புக்கும் ஒன்று, மொத்தத்துக்கும் ஒன்று. 700 டிஓஐ வேண்டாம் என்றேனே, இந்த ஒன்று வேண்டும். ஆய்வாளர்கள் உங்கள் சேகரிப்பை முழுதாக மேற்கோள் காட்ட உதவும், உங்கள் கணினி பழுதானாலும் பேரேடு பிழைத்திருக்கும்.

வலைத்தளத்தை மாற்றும் முன் பழைய முகவரிகள் 700-ஐயும் அந்தப் பேரேட்டில் ஒரு தனிக் கட்டத்தில் ஏற்றிவிடுங்கள். புதுத் தளம் வந்ததும், பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட அந்தப் பட்டியல்தான் வேண்டும். மாற்றிய பிறகு கேட்டால் யாரிடமும் இருக்காது. மென்பொருள்காரர் "எல்லாம் தானா வந்துடும் சார்" என்பார். வராது.

படிவத்தை நிரப்பும்போது தொடர்பு மின்னஞ்சல் கேட்பார்கள். அங்கே தனி ஆளின் முகவரியைப் போடாமல் படிப்பகத்தின் பெயரில் ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லை நிர்வாகக் குழுவில் மூன்று பேரிடமாவது கொடுத்துவையுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் டொமைன் இப்போது யார் பெயரில், யாருடைய கார்டில் ஓடுகிறது என்று இன்றைக்கே பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தோழர். மற்றதை அதற்கப்புறம் பேசுவோம்.